மேக்போர்ட்ஸ் நிறுவியில் சார்புப் பொதிகளின் வேரியன்ட்டை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

தறிமேடை (அம்மாப்பேட்டை, சேலம்) கேட்டது:

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் இருந்துகொண்டு, சேலை டிசைன் போடுகிறவர்களுக்காக ஒரு வரைகலை மென்பொருளை எழுதி வருகிறேன். முந்தி, பார்டர், புட்டா ஆகியவற்றைக் கட்டத்தாளில் வரைவது போலவே திரையில் வரைந்து, ஜக்கார்டு அட்டை குத்துகிறவருக்கு வேண்டிய அளவில் அச்செடுத்துக் கொடுப்பது அதன் வேலை. சாளரங்களுக்கு ஜிடிகே 3, வரைவதற்குக் கைரோ, எழுத்துக்குப் பாங்கோ ஆகிய நூலகங்களின் மேல் எழுதியிருக்கிறேன். டிசைனின் ஓரத்தில் தறிக்காரருக்கான குறிப்புகளைத் தமிழில் எழுத வேண்டியிருப்பதால், கொம்பும் காலும் இடம் மாறாமல் எழுத்தைக் கோத்துத் தரும் பாங்கோவை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இதை இளம்பிள்ளையில் உள்ள 6 ஐமேக்குகளிலும், ஏற்காட்டில் வீட்டிலிருந்தபடியே டிசைன் போட்டுத் தரும் ஓர் அக்காவின் கணினியிலும் நிறுவ வேண்டும். ஐமேக்குகள் எல்லாம் ஹை சியராவில் ஓடும் பழைய இன்டெல் கணினிகள். அக்காவிடம் இருப்பது பிக் சர் உள்ள எம்1 மேக் மினி. இளம்பிள்ளைக் கூடத்தில் இணைய இணைப்பே கிடையாது. ஏற்காட்டில் இணைப்பு இருந்தாலும் மழை பிடித்துவிட்டால் அதை நம்ப முடியாது. ஆகவே எல்லாச் சார்புகளையும் (மென்பொருள் ஓடத் தேவையான மற்ற மென்பொருள்களையும்) உள்ளே வைத்த ஒரே நிறுவியாகக் கட்டி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிடலாம் என்று திட்டமிட்டேன். திறமூல மென்பொருள்களை மேக்கில் கட்டி நிறுவித் தரும் மேக்போர்ட்ஸில், என் மென்பொருளுக்கு ஒரு போர்ட்ஃபைல் (அதை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு) எழுதி, உள்ளூர்க் களஞ்சியத்தில் வைத்து, 'போர்ட் எம்டிஎம்ஜி' கட்டளையால் வட்டுப் படிமத்தை உருவாக்கினேன்.

முதல் சோதனைக்கு இளம்பிள்ளையில் ஒரு ஐமேக்கில் நிறுவியபோது, நிறுவி எந்தப் புகாரும் சொல்லாமல் முடிந்தது. ஆனால் மென்பொருளைத் திறந்தால் சாளரம் வரவில்லை. டெர்மினலில் இருந்து ஓட்டிப் பார்த்தபோது 'டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை' என்ற பொருள்படும் ஒரே ஒரு வரி மட்டும் வந்தது. என் கணினியில் இது ஒருநாளும் வந்ததில்லை.

ஜிடிகே, யூனிக்ஸ் கணினிகளின் பழைய திரை முறையான எக்ஸ்11 வழியாக வரையப் பார்க்கிறது என்பது வரை எனக்குப் புரிகிறது. நான் வேண்டியது மேக்கின் சொந்தத் திரை முறையில் வரையும் குவார்ட்ஸ் வேரியன்ட் (வேரியன்ட் என்பது ஒரு போர்ட்டை, அதாவது மேக்போர்ட்ஸில் உள்ள ஒரு மென்பொருளை, கட்டும்போது தேர்ந்தெடுக்கும் வகை). அதை வேரியன்ட்ஸ்.கான்ஃப் கோப்பில் '+குவார்ட்ஸ் -எக்ஸ்11' என்று எழுதியும் வைத்திருக்கிறேன். அப்படியிருக்க, நிறுவிக்குள் போன ஜிடிகே ஏன் எக்ஸ்11 வேரியன்ட்டாக இருக்கிறது? என் போர்ட்டுக்கு நான் சொல்லும் வேரியன்ட் அதன் சார்புகளுக்கும், சார்புகளின் சார்புகளுக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது? பொதி கட்டும்போது அது எங்கிருந்து முடிவாகிறது? தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

ஐந்து ரோடு எழுதியது:

அண்ணா, நானும் ஒருமுறை இதே இடத்தில் நின்றிருக்கிறேன். உங்கள் கணினியில் எக்ஸ்குவார்ட்ஸ் (எக்ஸ்11 மென்பொருள்களை மேக் திரையில் காட்டும் எக்ஸ் சர்வர்) நிறுவியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அது இருந்தால், எக்ஸ்11 வேரியன்ட்டில் கட்டிய ஜிடிகேயும் உங்களிடம் நன்றாகவே திறக்கும். வேறுபாடு உங்கள் கண்ணில் படவே படாது. இளம்பிள்ளை ஐமேக்கில் அது இல்லாததால்தான் குட்டு வெளிப்பட்டிருக்கிறது.

எக்ஸ்11 வேரியன்ட் ஜிடிகேவுக்கு எக்ஸ் கிளையன்ட் நூலகங்கள் மட்டுமே சார்புகள். எக்ஸ் சர்வர் அதன் சார்பு இல்லை. அதனால் நிறுவிக்குள் லிப்எக்ஸ்11 முதலான நூலகங்கள் எல்லாம் போயிருக்கும், சர்வர் மட்டும் போயிருக்காது. நிறுவி குறை சொல்லாமல் முடிந்ததற்கும், திறக்கும்போது விழுந்ததற்கும் காரணம் இதுதான்.

பழைய ஜிடிகேயை நீக்கிவிட்டு '+குவார்ட்ஸ் -எக்ஸ்11' என்று கட்டளை வரியிலேயே கொடுத்து மறுபடி நிறுவிப் பாருங்கள்.

மூக்கனேரி எழுதியது:

தம்பி தறிமேடை, ஐந்து ரோடு சொன்னது நோயைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் மருந்து பாதிதான். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடை வெவ்வேறு இடங்களில் இருப்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், வேரியன்ட் எப்படிப் பரவுகிறது என்பது. கட்டளை வரியில் நீங்கள் கொடுக்கும் வேரியன்ட், அந்த ஓட்டத்தில் புதிதாக நிறுவப்படும் சார்புகளுக்கும் சேர்த்தே அனுப்பப்படும். அந்தப் பெயரில் வேரியன்ட் உள்ள போர்ட் அதை எடுத்துக்கொள்ளும், இல்லாத போர்ட் பேசாமல் விட்டுவிடும். வேரியன்ட்ஸ்.கான்ஃபில் எழுதுவது எல்லா ஓட்டங்களுக்கும் பொதுவான விருப்பம். ஆனால் இரண்டுமே இனிமேல் கட்டப்போகும் போர்ட்டுகளுக்குத்தான். ஏற்கெனவே ஏதாவது ஒரு வேரியன்ட்டில் நிறுவி, செயலில் இருக்கிற சார்பை மேக்போர்ட்ஸ் 'இருக்கிறது, போதும்' என்று எடுத்துக்கொள்கிறது. அது எந்த வேரியன்ட் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் வேரியன்ட்ஸ்.கான்ஃபை எழுதுவதற்கு முன்பே வேறு ஏதோ ஒரு மென்பொருளுக்காகக் கைரோவோ பாங்கோவோ உங்கள் கணினிக்கு வந்திருந்தால், அது வந்த வேரியன்ட்டிலேயேதான் இன்னும் இருக்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் பலரையும் குழப்புகிறது. செயலி வகையை மட்டும் மேக்போர்ட்ஸ் சரிபார்க்கிறது. உங்கள் போர்ட்டை '+யுனிவர்சல்' என்று கட்டினால், சார்புகளும் இரண்டு செயலி வகைகளுக்கும் உள்ளனவா என்று பார்த்து, இல்லாதவற்றை யுனிவர்சலாக மறுபடி கட்டப் பார்க்கும். இதைக் கண்டவர்கள் எல்லா வேரியன்ட்டும் இப்படித்தான் நடக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். குவார்ட்ஸ், எக்ஸ்11, பைதான் பதிப்பு போன்ற மற்ற வேரியன்ட்டுகளுக்கு அந்தக் கவனிப்பு கிடையாது.

இரண்டாவது, இதுதான் உங்கள் சிக்கலின் நடுமையம்: எம்பிகேஜி (சார்புகளோடு சேர்த்துப் பொதி செய்வது), எம்டிஎம்ஜி (அதையே வட்டுப் படிமமாக்குவது) கட்டளைகள் உங்கள் கணினியில் நிறுவி வைத்திருக்கிற கோப்புகளை அள்ளிக் கட்டுவதில்லை. உங்கள் போர்ட்டின் நூலகச் சார்புகளையும் ஓட்டச் சார்புகளையும் வேர் வரைக்கும் பட்டியலெடுத்து, ஒவ்வொரு போர்ட்டையும் தனியாகத் திறந்து, அதன் டெஸ்ட்ரூட் (கட்டிய கோப்புகளை நிறுவும் முன் தற்காலிகமாக வைக்கும்) அடைவிலிருந்து ஒரு பொதியைச் செய்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகின்றன. கட்டுமானத்துக்கு மட்டும் தேவையான சார்புகள் மூட்டைக்குள் போகா. ஆக, நிறுவும்போது குவார்ட்ஸாக இருந்த ஒரு போர்ட், பொதி செய்யத் திறக்கும்போது எந்த வேரியன்ட் கோரப்படுகிறதோ அந்த வேரியன்ட்டில்தான் மூட்டைக்குள் போகும். அந்த நேரத்தில் எதுவும் கோரப்படவில்லை என்றால் இயல்பு வேரியன்ட்தான். இயல்பு வேரியன்ட்டில் முன்பே கட்டி வைத்த ஆயத்தக் கோப்பு மேக்போர்ட்ஸ் சர்வரில் இருந்தால் அதை இறக்கி அப்படியே வைத்துவிடும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவதால் உங்களுக்குச் சந்தேகமும் வராது. ஆயத்தக் கோப்புகள் அங்கே இயல்பு வேரியன்ட்டுகளுக்கு மட்டுமே கிடைக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். குவார்ட்ஸ் இயல்பாக இல்லாத ஒரு போர்ட் சில நொடிகளில் தயாராகிவிட்டது என்றால், அது குவார்ட்ஸ் இல்லை என்பதற்கு அதுவே அறிகுறி.

என் பழக்கம் இது: நிறுவும் கட்டளையிலும், பொதி செய்யும் கட்டளையிலும், வேரியன்ட்ஸ்.கான்ஃபிலும் ஒரே வேரியன்ட் வரியை ஒரு எழுத்து மாறாமல் எழுதுவேன். மூன்று இடத்தில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மூட்டைக்குள் 40, 50 போர்ட்டுகள் போகும்போது, எது எந்த வழியாக முடிவானது என்று பின்னால் தேடுவதைவிட இது எளிது.

மூன்றாவது, எழுத்துப்பிழை. போர்ட்டில் இல்லாத வேரியன்ட் பெயரைக் கொடுத்தால் மேக்போர்ட்ஸ் பிழை காட்டுவதில்லை. '-டி' என்ற கொடியோடு ஓட்டினால் மட்டும், பிழைதிருத்தச் செய்திகளுக்கு நடுவே, கோரிய வேரியன்ட் இந்தப் போர்ட்டில் இல்லை என்று ஒரு வரி வரும். பழைய காலத்தில் 'நோ_எக்ஸ்11' என்று எதிர்மறைப் பெயரில் வேரியன்ட்டுகள் இருந்தன. அந்தக் காலத்து வலைப்பக்கத்திலிருந்து வேரியன்ட்ஸ்.கான்ஃபை எடுத்து ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். கோப்பு இருக்கும், பலன் இருக்காது.

முதலில் 'போர்ட் வேரியன்ட்ஸ் ஜிடிகே3' என்று கொடுத்து, சரியான பெயரையும் எது இயல்பு என்பதையும் பாருங்கள். அடுத்து 'போர்ட் -வி இன்ஸ்டால்டு' என்று கொடுத்து, உங்கள் சார்புகள் ஒவ்வொன்றும் எந்த வேரியன்ட்டில் செயலில் இருக்கிறது, எந்த டார்வின் (மேக் இயங்குதளத்தின் அடித்தளம்) பதிப்புக்கும் செயலி வகைக்கும் கட்டப்பட்டது என்பதைப் பாருங்கள். அந்தப் பட்டியலை இங்கே போட்டால் மேற்கொண்டு பேசலாம்.

தறிமேடை எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னபடி பார்த்தேன். இரண்டு தவறுகளும் என்னிடம் இருந்தன.

வேரியன்ட்ஸ்.கான்ஃபில் குவார்ட்ஸ் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் டி-யும் ஆர்-உம் இடம் மாறிக் கிடந்தன. அந்த வரியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனால் படித்ததில்லை. '-டி' கொடியோடு ஓட்டியபோது, ஒவ்வொரு சார்புக்கும் அந்தப் பிழையான பெயரைச் சொல்லி, 'இல்லை, இல்லை' என்று வரிசையாக வந்தது. அதோடு, பாங்கோவும் கைரோவும் '+குவார்ட்ஸ்+எக்ஸ்11' என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டு இருக்கின்றன. ஜிடிகே3 மட்டும் '+எக்ஸ்11' என்று இருக்கிறது. எக்ஸ்குவார்ட்ஸும் என் கணினியில் இருந்தது. ஐந்து ரோடு தம்பி சொன்னது முழு உண்மை.

பிழையைத் திருத்தி, 'போர்ட் அப்கிரேடு' கட்டளையை 'என்ஃபோர்ஸ்-வேரியன்ட்ஸ்' என்ற தெரிவோடு கொடுத்து, ஜிடிகே, பாங்கோ, கைரோ மூன்றையும் மாற்றிவிட்டேன். இப்போது இரண்டு சந்தேகங்கள். ஒன்று, பாங்கோவில் குவார்ட்ஸும் எக்ஸ்11-உம் சேர்ந்தே இருந்தனவே, அதை அப்படியே விட்டிருக்கலாமா? மற்றொன்று, இனி ஒரு தடவை இப்படித் தவறினால், பொதி கட்டுவதற்கு முன்பே தடுத்து நிறுத்த ஏதாவது வழி இருக்கிறதா? இளம்பிள்ளை வரை போய், அத்தனை பேர் நடுவே திறக்காமல் நின்றது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

கன்னங்குறிச்சி எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு என் விடை இது. கைரோவிலும் பாங்கோவிலும் அந்த இரண்டு வேரியன்ட்டுகளும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஜிடிகே3-இல்தான் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே விட்டிருந்தாலும் மென்பொருள் ஓடியிருக்கும். ஆனால் கைரோ எக்ஸ்11-ஐயும் சுமந்திருந்தால், அதன் வழியாக லிப்எக்ஸ்11, லிப்எக்ஸ்சிபி, லிப்எக்ஸ்ரெண்டர் என்று ஒரு குடும்பமே உங்கள் மூட்டைக்குள் வந்துவிடும். யாரும் கூப்பிடாத நூலகங்களைப் பென் டிரைவில் ஏற்றி, பிறர் கணினியில் இறக்கி, ஒவ்வொரு புதுப்பித்தலிலும் மறுபடி கட்டிக்கொண்டிருப்பது தேவையற்ற வேலை. நீங்கள் மாற்றியதே சரி.

இரண்டாவதற்கு, 'ஆக்டிவ்_வேரியன்ட்ஸ்' என்ற போர்ட்குரூப்பை (பல போர்ட்ஃபைல்கள் பகிர்ந்துகொள்ளும் பொது நிரலை) பயன்படுத்துங்கள். உங்கள் போர்ட்ஃபைலின் தொடக்கத்தில் அதன் 1.1 பதிப்பைச் சேர்த்துவிட்டு, 'ரிக்வயர்_ஆக்டிவ்_வேரியன்ட்ஸ் ஜிடிகே3 குவார்ட்ஸ் எக்ஸ்11' என்று ஒரு வரி எழுதினால் போதும். போர்ட்டின் பெயருக்கு அடுத்து வருவது இருந்தே ஆக வேண்டிய வேரியன்ட். அதற்கு அடுத்தது இருக்கவே கூடாத வேரியன்ட். கைரோவுக்கும் பாங்கோவுக்கும் இதே போல் தனித்தனி வரி எழுதுங்கள். சார்பு வேறு வேரியன்ட்டில் இருந்தால், உங்கள் மென்பொருளைக் கட்டத் தொடங்கும் முன்பே ஓட்டம் காரணத்தைச் சொல்லி நின்றுவிடும். அது சார்பைத் தானாகத் திருத்தாது, நிறுத்தும், அவ்வளவுதான். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எழுத்துப்பிழை எங்கே இருந்தாலும் அதன் விளைவு இந்த வரியில் வந்து மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது வேரியன்ட்டைவிடப் பெரிய விஷயம். நீங்கள் '/ஆப்ட்/லோக்கல்' என்ற இயல்பு முன்னொட்டிலேயே (எல்லாம் நிறுவப்படும் அடைவிலேயே) பொதியைக் கட்டுகிறீர்கள் என்று தெரிகிறது. தயவுசெய்து அப்படி வெளியே கொடுக்காதீர்கள். வாங்கிக்கொள்கிறவர் கணினியில் ஏற்கெனவே மேக்போர்ட்ஸ் இருந்தால், உங்கள் நிறுவி அவருடைய கோப்புகளின் மேலேயே எழுதிவிடும். அவருடைய மேக்போர்ட்ஸ் பதிவேட்டுக்கு அது தெரியவும் தெரியாது. இளம்பிள்ளையில் யாரிடமும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் மென்பொருள் கைமாறிப் போகும், எங்கே போய்ச் சேரும் என்று நம்மால் சொல்ல முடியாது.

மேக்போர்ட்ஸின் மூலநிரலை இறக்கி, கான்ஃபிகர் செய்யும்போது '--பிரிஃபிக்ஸ்' என்பதற்கு '/ஆப்ட்/நெசவு' போன்ற தனி அடைவைக் கொடுத்து, பொதி கட்டுவதற்கென்றே இரண்டாவது மேக்போர்ட்ஸ் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வேரியன்ட்ஸ்.கான்ஃபும் தனி, பதிவேடும் தனி, சார்புகளும் தனி. முதல் போர்ட்டை நிறுவுவதற்கு முன்பே வேரியன்ட்ஸ்.கான்ஃபை எழுதி முடித்துவிடுங்கள். பழைய வேரியன்ட் ஒட்டிக்கொண்டிருக்க இடமே இருக்காது. அதைவிட நல்லது, முன்னொட்டு மாறிவிட்டதால் சர்வரிலுள்ள ஆயத்தக் கோப்புகள் எதுவும் அதற்குப் பொருந்தா; எல்லாமே மூலநிரலிலிருந்துதான் கட்டப்படும். நேரம் எடுக்கும், இரவில் விட்டுவிட்டுத் தூங்கிவிடலாம். மூக்கனேரி ஐயா சொன்ன, பேசாமல் இறங்கிவிடும் இயல்பு வேரியன்ட் என்ற ஆபத்தின் ஒரு கதவு அதோடு மூடிவிடும்.

நூலகங்களின் முழுப் பாதை அவற்றைக் கூப்பிடும் கோப்புகளுக்குள்ளேயே பதிந்துவிடுவதால், கட்டி முடித்த பிறகு அடைவை இடம் மாற்றலாம் என்று எண்ணாதீர்கள். முன்னொட்டை முதலிலேயே யோசித்து வைத்துவிட வேண்டும்.

ஐந்து ரோடு எழுதியது:

அக்கா சொன்ன தனி முன்னொட்டு முறையில் எனக்கு ஓர் ஐயம். இரண்டாவது மேக்போர்ட்ஸுக்குள் நாம் தேர்ந்தெடுத்தவை மட்டும்தானே இருக்கும்? அப்படியானால் எம்டிஎம்ஜி எதற்கு? அந்த அடைவு முழுவதையும் ஆப்பிளின் 'பிகேஜிபில்டு' கருவியில் '--ரூட்' என்று கொடுத்து ஒரே பொதியாக்கிவிட்டால், நிறுவியிருப்பதுதான் உள்ளே போகும். வேரியன்ட் இடையில் மாறுவதற்கு வழியே இல்லையே.

கன்னங்குறிச்சி எழுதியது:

நல்ல கேள்வி. செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததே உள்ளே போகும் என்ற உறுதி அதில் இருக்கிறது. ஆனால் கட்டுமானத்துக்கு மட்டும் வந்த சிமேக், மீசான், பைதான் வகையறாக்களும், மேக்போர்ட்ஸின் சொந்தக் கோப்புகளும், பதிவேடும், கட்டிய மூலநிரல்களின் மிச்சமும் சேர்ந்தே அந்த அடைவில் கிடக்கும். 'போர்ட் அன்இன்ஸ்டால் லீவ்ஸ்' என்று மறுபடி மறுபடி கொடுத்து, யாரும் கேட்காத போர்ட்டுகளை உதிர்த்துவிட்டு, 'வார்' அடைவை ஒதுக்கி, மிச்சத்தை வேறோர் இடத்தில் நகலெடுத்துப் பொதி செய்ய வேண்டும். உதிர்ப்பதற்கு முன் உங்கள் மென்பொருளை 'செட்ரிக்வெஸ்டட்' என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் அதுவும் இலையோடு இலையாக உதிர்ந்துவிடலாம்.

எம்டிஎம்ஜியில் இந்தத் துப்புரவு தானாகவே நடக்கிறது, வேரியன்ட்டை மட்டும் நாம் காக்க வேண்டும். பிகேஜிபில்டில் வேரியன்ட் தானாகவே காக்கப்படுகிறது, துப்புரவை நாம் செய்ய வேண்டும். தறிமேடைக்கு நான் எம்டிஎம்ஜியையே சொல்வேன், ஏனென்றால் அவர் அடிக்கடி புதுப்பித்துக் கொடுக்கப் போகிறார்.

மூக்கனேரி எழுதியது:

கன்னங்குறிச்சி அம்மா சொன்னவற்றோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வேரியன்ட் சரியாக இருந்தும் வேறு போர்ட் உள்ளே நுழைந்துவிடும் வழி ஒன்று உண்டு. பல போர்ட்ஃபைல்கள் ஜிடிகே, பாங்கோ, கிலிப் போன்றவற்றைப் பெயரால் கேட்காமல், இன்ன பாதையில் இன்ன கோப்பு இருந்தால் போதும் என்று 'பாத்' வகைச் சார்பாகக் கேட்கின்றன. பாங்கோ-டெவல், கிலிப்2-டெவல் என்ற வளர்ச்சிப் பதிப்புகளும் அந்தக் கோப்பைத் தருவதால், கட்டும்போது அவை போதுமானவை என்று ஏற்கப்படும். ஆனால் அந்தச் சார்பு வரியின் கடைசியில் எழுதியிருப்பது சாதாரணப் போர்ட்டின் பெயர். ஆக, ஒன்றோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மற்றொன்றை மூட்டையில் வைத்து அனுப்பும் நிலைமை வரலாம். பொதி கட்டும் முன்னொட்டில் டெவல் போர்ட்டுகளை நுழையவே விடாதீர்கள்.

இன்டெல் கணினியில் மேக்போர்ட்ஸ் போன்ற மற்றொரு கருவியான ஹோம்புரூவும் வைத்திருந்தால், அது '/யூஎஸ்ஆர்/லோக்கல்' அடைவில் இருக்கும். அங்கே கிடக்கும் நூலகங்களைச் சில கட்டுமான நிரல்கள் தாமாகவே தேடிப் பிடித்து இணைத்துக்கொள்ளும். பிறகு உங்கள் பொதி, மூட்டையில் இல்லாத ஒரு கோப்பைத் தேடிக்கொண்டு இளம்பிள்ளையில் போய் நிற்கும். கட்டும் நேரத்துக்கு அந்த அடைவின் பெயரை மாற்றி வைத்துவிடுங்கள்.

இனி, மூட்டை தயாரானதும் பார்க்க வேண்டியது. கட்டளை பிழையில்லாமல் முடிந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 'பிகேஜியூட்டில் --எக்ஸ்பாண்டு' என்று கொடுத்து மூட்டையைப் பிரித்து, உள்ளே உள்ள ஒவ்வொரு பொதியின் கோப்புப் பட்டியலையும் 'எல்எஸ்பாம்' கொண்டு வெளியிட்டு, அதில் லிப்எக்ஸ்11 என்ற பெயர் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். வரவே கூடாது. அடுத்து, மேக்போர்ட்ஸோ எக்ஸ்குவார்ட்ஸோ இல்லாத ஒரு கணினியில் நிறுவி, 'ஓடூல் -எல்' என்று கொடுத்து ஜிடிகே நூலகம் யார் யாரோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். மேக்கின் சாளர நூலகமான கோகோவும், '/ஆப்ட்/நெசவு' அடைவில் உள்ளவையும், இயங்குதளத்தின் சொந்த நூலகங்களும் மட்டும் இருந்தால் வேலை முடிந்தது. '/ஆப்ட்/லோக்கல்' என்று ஒரு வரி தென்பட்டாலும் திரும்பிப் போய்க் கட்ட வேண்டியதுதான்.

செயலி வகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இன்டெல்லுக்கும் எம்1-க்கும் சேர்த்து ஒரே யுனிவர்சல் மூட்டை என்று ஆசைப்படாதீர்கள். சார்புகளில் ஒன்று யுனிவர்சலாகக் கட்ட மறுத்தாலும் முழு வேலையும் நிற்கும். ஹை சியராவுக்கு ஹை சியரா இன்டெல் கணினியிலும், எம்1-க்கு எம்1 கணினியிலும் தனித்தனியாகக் கட்டுங்கள். புதிய இயங்குதளத்தில் கட்டிய பொதி பழையதில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. 'இன்ஸ்டால்டு' பட்டியலில் டார்வின் 17 என்று வருவது ஹை சியரா, டார்வின் 20 என்று வருவது பிக் சர். அதை வைத்துப் பொதியின் பெயரிலேயே குறித்துவிடுங்கள்.

தறிமேடை எழுதியது:

கடந்த நான்கு நாட்களாக இதே வேலையில் இருந்தேன். '/ஆப்ட்/நெசவு' முன்னொட்டில் புதிதாக மேக்போர்ட்ஸைக் கட்டி, வேரியன்ட்ஸ்.கான்ஃபில் எழுத்துக்கூட்டிப் படித்து எழுதி, ஆக்டிவ்_வேரியன்ட்ஸ் வரிகள் மூன்றையும் சேர்த்து, இரவில் ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் கட்டுமானம் முடிந்திருந்தது. தடுப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, வேண்டுமென்றே கைரோவை எக்ஸ்11 வேரியன்ட்டுக்கு மாற்றிவிட்டு என் போர்ட்டைக் கட்டச் சொன்னேன். கைரோவின் பெயரைச் சொல்லி உடனே நின்றது. மறுபடி குவார்ட்ஸுக்கே மாற்றி, கட்டளை வரியிலும் அதையே எழுதி, எம்டிஎம்ஜி கொடுத்தேன்.

மூட்டையைப் பிரித்து எல்எஸ்பாம் பட்டியலில் லிப்எக்ஸ்11 என்று தேடியபோது ஒரு வரியும் வரவில்லை. பழைய மூட்டையில் இதே தேடலுக்குத் திரை கொள்ளாமல் வந்தது. நேற்று இளம்பிள்ளைக்குப் போய் 6 ஐமேக்குகளிலும் நிறுவிவிட்டேன். எல்லாவற்றிலும் சாளரம் திறந்தது. 'முந்தி 2 முறை, ஊடை சிவப்பு' என்று குறிப்பு எழுதிப் பார்த்தோம், எழுத்து ஒழுங்காக வந்தது. கூடத்தின் பெரியவர் தம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார்.

இன்னும் ஒரு கேள்வி. டிசைன் துணியில் எப்படி விழும் என்பதை ஒரு சிறு காணொளியாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வசதியைக் கேட்கிறார்கள். அதற்குக் காணொளி நூலகமான எஃப்எஃப்எம்பெக் போர்ட்டைச் சார்பாகச் சேர்த்தால், வேரியன்ட் விஷயத்தில் நான் கவனிக்க வேண்டியது உண்டா?

கன்னங்குறிச்சி எழுதியது:

கட்டாயம் உண்டு, அங்கே வேரியன்ட் என்பது உரிமத்தையே மாற்றிவிடுகிறது. எஃப்எஃப்எம்பெக் அடிப்படையில், ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் உள்ளது. 'ஜிபிஎல்2' வேரியன்ட்டோடு கட்டினால் முழு நூலகமும் ஜிபிஎல் விதிகளுக்குள் வந்துவிடும். அதோடு இணையும் உங்கள் மென்பொருளின் மூலநிரலையும் கேட்பவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆகிவிடுவீர்கள். 'நான்ஃப்ரீ' வேரியன்ட்டோடு கட்டியதைப் பிறருக்குக் கொடுக்கவே உரிமை இல்லை. உங்கள் கணினியில் நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மேக்போர்ட்ஸில் ஜிபிஎல்2 இயல்பாகவே தேர்வாகியிருக்கும், 'போர்ட் வேரியன்ட்ஸ்' கொடுத்தால் அதற்கு எதிரே கூட்டல் குறி தெரியும்.

நீங்கள் மூலநிரலைத் திறந்து கொடுப்பதாக இருந்தால் ஜிபிஎல்2 அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் வேரியன்ட்ஸ்.கான்ஃபில் '-ஜிபிஎல்2' என்று எழுதி, ஆக்டிவ்_வேரியன்ட்ஸ் வரியில் ஜிபிஎல்2, நான்ஃப்ரீ இரண்டையும் இருக்கக் கூடாதவையாகக் குறித்துவிடுங்கள். இரண்டில் எதுவானாலும் நான்ஃப்ரீ மட்டும் தடைப் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும்.

ஒண்டிக்கடை (ஏற்காடு) எழுதியது:

தறிமேடைத் தம்பி சொன்ன எம்1 மேக் மினி என்னுடையதுதான். மேலே வந்து கட்டுவதாகச் சொல்லியிருந்தார். எம்1-க்கான பொதியை எம்1-இலேயே கட்ட வேண்டும் என்று இங்கே படித்தேன். என் கணினியிலேயே கட்டிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மூலநிரல்களை எல்லாம் இங்கிருந்து இறக்குவது நடக்காது; மூடுபனி இறங்கிவிட்டால் எங்கள் வீட்டில் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். அதற்கு வழி உண்டா?

மூக்கனேரி எழுதியது:

உண்டு அம்மா. மேக்போர்ட்ஸ் இறக்கும் மூலநிரல்கள் எல்லாம் 'வார்/மேக்போர்ட்ஸ்/டிஸ்ட்ஃபைல்ஸ்' என்ற அடைவில் சேர்ந்திருக்கும். தறிமேடை தம் கணினியில் '/ஆப்ட்/நெசவு' முன்னொட்டின் கீழ் உள்ள அந்த அடைவையும், போர்ட்ஃபைல்களின் களஞ்சியத்தையும் பென் டிரைவில் எடுத்து வந்து, உங்கள் கணினியில் அதே முன்னொட்டின் கீழ் அதே இடத்தில் வைத்துவிட்டால், இருக்கிற கோப்பை மேக்போர்ட்ஸ் மறுபடி இறக்காது. செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியெண்) சரிபார்த்துவிட்டு அதையே எடுத்துக்கொள்ளும். களஞ்சியமும் டிஸ்ட்ஃபைல்களும் ஒரே நாளில் எடுத்தவையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பதிப்பு மாறிப் புதிய கோப்பைக் கேட்கும்.

தம்பி, பிக் சரில் சில போர்ட்டுகளுக்குக் கூடுதல் கட்டுமானச் சார்புகள் வரலாம். ஆகவே புறப்படுவதற்கு முன் அம்மாவின் கணினியில் சார்புகளை வேர் வரைக்கும் பட்டியலிடும் 'போர்ட் ஆர்டெப்ஸ்' கொடுத்து, வரும் பட்டியலை வாங்கி, உங்களிடம் இருப்பதோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைக் கீழேயே 'போர்ட் ஃபெட்ச்' கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்கோடின் கட்டளை வரிக் கருவிகளையும் பிக் சருக்கு உரிய பதிப்பில் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அது இல்லாமல் மேலே போனால் முதல் போர்ட்டே கட்டாது. வேரியன்ட்ஸ்.கான்ஃபை நகலெடுங்கள், கையால் மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள்.

தறிமேடை எழுதியது:

ஞாயிறு காலை வருகிறேன் அக்கா. ஆர்டெப்ஸ் பட்டியலை நாளை மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். விடுபட்டவற்றை சனிக்கிழமை இரவே இறக்கி வைத்துக்கொள்கிறேன்.